அந்த 13 பேர்ல ஒருத்தர்: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

போன வாரம் நீங்க சார்ல்ஸ் கோர் பத்தி எழுதின சின்னக் குறிப்பு படிச்சேன். கல்லீரலைத் தாக்கற ஹெபடைட்டிஸ் சி வைரஸ் வந்த மனுஷன், அதுக்காகவே ஒரு அமைப்பு ஆரம்பிச்சு உலக சுகாதார நிறுவனம் வரைக்கும் போய் மல்லுக்கட்டினவர்னு எழுதியிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா படிச்சு முடிச்சதும் எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்காம சொல்லிடறேன்.

எனக்கு 34 வயசு. மூணு வருஷம் முன்னாடி ஒரு வேலைக்கு மெடிக்கல் செக்கப் போனப்ப ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்னு வந்துச்சு. அந்த வேலை கிடைக்கல, ஏன்னு யாரும் சொல்லவும் இல்ல. டாக்டர் வைரல் லோட், அதாவது ரத்தத்துல வைரஸ் அளவு, கம்மியாத்தான் இருக்கு, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்கோங்கன்னுட்டார். மனைவிக்கு மட்டும் தெரியும், அவளுக்கு நெகட்டிவ், தடுப்பூசியும் மூணு டோஸ் போட்டாச்சு. அம்மா, அண்ணன், தங்கச்சி யாருக்கும் தெரியாது.

என் கேள்வி இதுதான். கோருக்கு வந்தது சி, அதுக்கு மருந்து இருக்கு, குணமானப்பறம் மேடை ஏறிப் பேசறது சுலபம். பி அப்படியா? நோய் எனக்கும் டாக்டருக்கும் நடுவுல இருக்கற விஷயம். நான் நோயாளின்னு கழுத்துல போர்டு மாட்டிக்கிட்டு திரியணுமா? இந்தப் பிரச்சாரம் எல்லாம் கொஞ்சம் சுய விளம்பரம் மாதிரி தெரியுது எனக்கு. தப்பா இருந்தா திட்டுங்க. பேர் மட்டும் போட்டுடாதீங்க.

பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

பேர் போடல. கடிதத்துலயும் ரெண்டு இடத்துல வெட்டியிருக்கேன், உங்க வேலை பத்தி எழுதினதைப் படிச்சா தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பட்டுச்சு. ஒரு வாரமா எழுதறதும் அழிக்கறதுமா இருந்தேன், ஏன்னா உங்க எரிச்சல்ல பாதி எனக்கும் உண்டு.

முதல்ல என் தப்பு ஒண்ணு. அந்தக் குறிப்பை அவசரத்துல எழுதினதால ஏதோ குணமாகி நிம்மதியா உக்காந்தப்பறம் போராட வந்தவர் மாதிரி ஒரு தொனி வந்துடுச்சு. கோருக்கு ஹெபடைட்டிஸ் சின்னு தெரிஞ்சது 1995ல. அந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989லதான், அதுக்கு முன்னாடி அந்த நோய்க்குப் பேரே கிடையாது, ஏவும் இல்ல பியும் இல்லங்கற அர்த்தத்துல நான்-ஏ நான்-பின்னு டாக்டருங்க கூப்பிட்டுட்டு இருந்தாங்க. ஒரு வியாதிக்கு அது என்ன இல்லையோ அதை வெச்சுப் பேர் வெக்கறதுன்னா என்ன சொல்றது, எனக்கு இது படிச்ச நாள்லேர்ந்து மனசுல ஒட்டிக்கிட்டு இருக்கு. 1998ல அவருக்கு சிரோசிஸ், கல்லீரல் தழும்பேறி சுருங்கிப் போறது. அது தெரிஞ்சு ரெண்டே வருஷத்துல, 2000ல, லண்டன்ல இன்னும் சில நோயாளிகளோட சேர்ந்து ஹெபடைட்டிஸ் சி டிரஸ்ட்டை ஆரம்பிச்சார். அன்னைக்கு இருந்த வைத்தியம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும், சில பேருக்கு 48 வாரம் வரைக்கும் போட்டுக்கணும், காய்ச்சல், உடம்பு வலி, முடி கொட்டறது, சிலருக்கு உயிரை விட்டுடலாமான்னு தோணற அளவுக்கு மனச்சோர்வு, இத்தனையும் பட்டு முடிச்சப்பறம் பாதிப் பேருக்கு வைரஸ் அப்படியே இருக்கும். அந்தக் காலத்துல ஆரம்பிச்ச வேலை அது.

அந்த டிரஸ்ட் செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு போன் நம்பர். ஹெல்ப்லைன். போனை எடுக்கறது அந்த நோயை அனுபவிச்சவங்க. அதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். ரிப்போர்ட் கைக்கு வந்த அன்னைக்கு ராத்திரி நீங்க என்ன பண்ணீங்க, யோசிச்சுப் பாருங்க. கூகுள்ல தேடியிருப்பீங்க, பாதி ராத்திரியில கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் போய்ட்டு வந்திருப்பீங்க. டாக்டருக்கு உங்களுக்காக பத்து நிமிஷம் இருக்கும், அதுல அவர் கல்லீரலைப் பத்திப் பேசுவார், அது அவர் வேலை. மனைவி பக்கத்துல படுக்கலாமா, குழந்தையோட டூத் பிரஷ் என்னோடது பக்கத்துல இருந்தா பரவாயில்லயா, ஷேவ் பண்றப்ப வெட்டிக்கிட்டா என்ன பண்றது, இதையெல்லாம் கேக்க வெக்கமா இருக்கும், கேட்டா சொல்ல ஆளும் இருக்காது. அங்கதான் இன்னொரு நோயாளி வேணும். நீங்க சொன்ன சுய விளம்பரத்துக்கு போனை எடுக்கற வேலையில இடமே இல்ல, எடுக்கறது யாருன்னே கூப்பிடறவங்களுக்குத் தெரியாது.

அடுத்ததா அவர் செஞ்சது இன்னும் போரான வேலை. 2007ல பல நாட்டு நோயாளி அமைப்புகளைச் சேர்த்து வேர்ல்ட் ஹெபடைட்டிஸ் அலையன்ஸ், அவர்தான் முதல் தலைவர். 2008 மே 19ல அவங்க ஒரு நாள் கொண்டாடினாங்க, கொண்டாட்டம்னு சொல்லக்கூடாது, சரி. அதுக்கு வெச்ச வாசகம் "நான்தான் 12வது ஆளா?" அப்போதைய கணக்குப்படி உலகத்துல 12 பேர்ல ஒருத்தருக்கு பி அல்லது சி, மொத்தம் 50 கோடி பேர். ஒரு நோயாளியோட அழுத முகத்தைப் போடாம ஒரு நம்பரைப் போட்டாங்க பாருங்க, அதுல விவரம் இருக்கு. இந்த ரெண்டு வைரஸும் உள்ள வந்து இருபது முப்பது வருஷம் சத்தமே போடாது, வலிக்காது, மஞ்சளாகாது. அப்ப போஸ்டர்ல யார் முகத்தைப் போட்டாலும் பாக்கறவன் ஐயோ பாவம் அவர்னுதான் நினைப்பான், தனக்கும் இருக்கலாம்னு தோணாது. நம்பரைப் போட்டா பஸ்ல நிக்கறவன் பக்கத்துல இருக்கறவங்களை எண்ண ஆரம்பிச்சிடுவான்.

நம்ம மொழியில இன்னொரு தொல்லை இருக்கு. எல்லாத்துக்கும் மஞ்சக்காமாலைன்னு ஒரே பேர். ஏவும் ஈயும் அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியா வரும், கண்ணு மஞ்சளாகும், பெரும்பாலும் சில வாரத்துல தானா சரியாகிடும். பியும் சியும் ரத்தம் வழியா வர்றது, பி பிரசவத்துல அம்மாகிட்டேர்ந்தும் உடலுறவுலயும் வரும். இது வேற கதை, ஆனா ஒரே பேர்ல கூப்பிடறதால கண்ணு மஞ்சளா இல்லையே, அப்ப நமக்கு ஒண்ணும் இல்லன்னு ஜனங்க நிம்மதியா இருந்துடறாங்க. காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு பழமொழி வேற. உண்மையில பி இருக்கறவன் கண்ணுல பெரும்பாலும் மஞ்சளே இருக்காது, அவனைப் பாக்கறவங்க கண்ணுலதான் இருக்கும்.

2010 மே மாசம் உலக சுகாதார சபை, அதாவது உலக சுகாதார நிறுவனத்துல எல்லா நாடும் கூடி முடிவெடுக்கற கூட்டம், வைரல் ஹெபடைட்டிஸுக்குன்னு முதல் தடவையா ஒரு தீர்மானம் போட்டுச்சு. அதுலதான் ஜூலை 28 உலக ஹெபடைட்டிஸ் தினம்னு அதிகாரபூர்வமா ஆச்சு. ஏன் ஜூலை 28னா அது பாரூக் பிளம்பெர்க்கோட பிறந்தநாள், ஹெபடைட்டிஸ் பியைக் கண்டுபிடிச்சு தடுப்பூசிக்கும் வழி பண்ணினவர், 1976ல நோபல் வாங்கினவர். தேதியை மாத்தறது, தீர்மானத்துல ஒரு வரியைச் சேக்கறது, இதெல்லாம் கேக்க சப்புன்னுதான் இருக்கும். ஆனா அந்தத் தீர்மானத்துக்கு முன்னாடி பல நாட்டு சுகாதாரத் துறையில இதுக்குன்னு ஒரு மேஜையே கிடையாது. எயிட்ஸுக்கு இருந்துச்சு, ஏன்னா எயிட்ஸ் நோயாளிங்க தெருவுல இறங்கினாங்க. 2022ல வைரல் ஹெபடைட்டிஸ்ல செத்தவங்க 13 லட்சம் பேர், ஒரு நாளைக்கு 3,500. காசநோய்க்கு சமமான எண்ணிக்கை, எச்ஐவி சாவுகளைப் போல ரெண்டு மடங்கு. இது எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்க.

நோய் எனக்கும் டாக்டருக்கும் நடுவுலன்னு எழுதியிருந்தீங்க. பிரிட்டன்லயே ஆயிரக்கணக்கான பேர் அப்படி நம்பித்தான் ரத்தம் ஏத்திக்கிட்டாங்க. 1970கள்லேர்ந்து 1990களோட ஆரம்பம் வரைக்கும் கெட்ட ரத்தத்தாலயும் ரத்தத்துலேர்ந்து செஞ்ச மருந்தாலயும் எச்ஐவியோ ஹெபடைட்டிஸோ தொத்தினவங்க 30,000க்கும் மேல. சில பேருக்கு டெஸ்ட் பண்ணி ரிசல்ட் வந்தும் வருஷக்கணக்கா அவங்ககிட்ட சொல்லவே இல்ல. அது விபத்து இல்ல, பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடியது, அப்பறம் மூடி மறைச்சதுன்னு விசாரணைக் கமிஷனோட இறுதி அறிக்கை சொன்னது 2024 மே மாசம். அந்தக் கமிஷன் தானா வரல தம்பி, நோயாளிகளும் செத்தவங்க குடும்பமும் பல பத்து வருஷம் கத்தினதால வந்துச்சு. டாக்டர் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா டாக்டர் தன் முன்னாடி வந்து உக்காந்தவனுக்குத்தான் வைத்தியம் பாக்க முடியும்.

இப்ப உங்க எரிச்சல்ல எனக்கும் இருக்கற பாதி. சியும் பியும் ஒண்ணு இல்ல, நீங்க சொல்றது சரிதான். சிக்கு 2013 கடைசியில சோஃபோஸ்புவிர்ங்கற மாத்திரை அமெரிக்காவுல வந்துச்சு, 12 வாரக் கோர்ஸ் 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர். மருந்து வந்தப்பறமும் பாதிப் போராட்டம் விலையோடதான். கோர் 2018ல ஜெனிவாவுல இருக்கற மெடிசின்ஸ் பேட்டன்ட் பூலுக்குத் தலைமை நிர்வாகியாப் போனார், பேட்டன்ட் வெச்சிருக்கற கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கி, வேற கம்பெனிங்க குறைஞ்ச விலையில ஜெனரிக் பண்ணி, பட்டியல்ல இருக்கற நாடுகளுக்குக் குடுக்கற ஏற்பாடு. எனக்கு இதுல ஒரு மனத்தாங்கல் உண்டு, அந்தப் பட்டியல்ல இடம் கிடைக்காத நடுத்தர வருமான நாடுங்க எப்பவும் கொஞ்சம் இருந்துட்டே இருக்கும், அங்க இருக்கற நோயாளிக்கு கோர் நோயாளியா இருந்தவர்ங்கறதால என்ன பிரயோஜனம்? இன்னொண்ணும் சொல்லிடறேன், உலகத்துலயே பெரிய அளவுல சியைத் தேடிப் பிடிச்சது எந்தத் தொண்டு அமைப்பும் இல்ல, எகிப்து அரசாங்கம். 2018 அக்டோபர்லேர்ந்து ஏழு மாசத்துல ஏறக்குறைய 5 கோடி பேரை டெஸ்ட் பண்ணி, பாசிட்டிவா இருந்தவங்களுக்கு இலவசமா மாத்திரை குடுத்தாங்க. அங்க அந்த நோய் அவ்வளவு பரவினதுக்குக் காரணமும் பழைய அரசாங்க ஊசித் திட்டம்தான், ஒரு ஒட்டுண்ணி நோயை ஒழிக்கப் போட்ட ஊசியை சரியா சுத்தம் பண்ணாம அடுத்தடுத்த ஆளுக்குப் போட்டது. அதனால நோயாளி போராளி ஆனா எல்லாம் சரியாகிடும்னு நான் சொல்ல வரல.

பி கதை வேற. அதோட டிஎன்ஏ கல்லீரல் செல்லோட உட்கருவுலயே போய் உக்காந்துக்குது, டெனோஃபோவிர், என்டெகாவிர் மாதிரி மாத்திரைங்க அதை அடக்கி வெக்கும், ஆனா வேரோட பிடுங்காது. ஆனா பி இருக்கறவங்க யாரும் வெளிய வரலன்னு மட்டும் நினைக்காதீங்க. கோருக்கப்பறம் அதே அலையன்ஸுக்குத் தலைவரா வந்தவங்கள்ல சூ வாங்னு ஒரு அமெரிக்க டாக்டர், காலேஜ்ல படிக்கறப்ப ரத்த தானம் பண்ணப் போய்த்தான் தனக்கு பி இருக்கறதே அவங்களுக்குத் தெரிஞ்சது. அதுக்கப்பறம் நைஜீரியாவோட டான்ஜுமா அட்டா, அவருக்கும் பி. அமிதாப் பச்சன் கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், 1982ல ஷூட்டிங்ல அடிபட்டு ஏத்தின ரத்தத்துல வந்தது, தெரியறதுக்குள்ள கல்லீரல்ல முக்கால்வாசி போயாச்சுன்னு அவரே மேடைக்கு மேடை சொல்றார், 2017ல உலக சுகாதார நிறுவனம் அவரை தென்கிழக்கு ஆசியாவுக்கு ஹெபடைட்டிஸ் நல்லெண்ணத் தூதரா போட்டுச்சு. நல்ல காரியம்தான். ஆனா அவர் சொன்னா அவரை யாரும் வேலையை விட்டு எடுக்கப் போறதில்ல, நீங்க சொன்னா எடுப்பாங்க. இந்த வித்தியாசத்தை மறைச்சுட்டு எல்லாரும் தைரியமா வெளிய வாங்கன்னு கூப்பிடறவங்களைக் கண்டா எனக்கும் கோவம் வரும்.

வேலை விஷயத்துல ஒரு கேஸ் சொல்றேன். சீனாவுல ஊஹூங்கற நகரத்துல 2003ல ஒரு இளைஞர், அரசு வேலைப் பரீட்சையில முதல் மார்க், மெடிக்கல்ல பின்னு தெரிஞ்சதும் எடுக்கமாட்டோம்னுட்டாங்க. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2004ல கோர்ட் அவரை ஒதுக்கினது தப்புன்னு சொல்லிச்சு, ஆனா ஆள் எடுக்கற காலம் முடிஞ்சுபோச்சுன்னு வேலை கிடைக்கல. ஜெயிச்சார், கையில ஒண்ணும் வரல. அவருக்குப் பின்னாடி நிறைய பேர் கேஸ் போட்டு, எழுதி, கேள்வி கேட்டு, 2010ல வேலைக்கும் பள்ளி கல்லூரி சேர்க்கைக்கும் பி டெஸ்ட் கேக்கக்கூடாதுன்னு அந்த நாட்டுல உத்தரவு வந்துச்சு. அந்த இளைஞரை நான் அடிக்கடி நினைச்சுப்பேன். தனக்குக் கிடைக்காத ஒண்ணை வேற யாருக்கோ வாங்கிக் குடுத்துட்டுப் போன மனுஷன். உங்களுக்கு அந்த வேலை ஏன் கிடைக்கலன்னு யாரும் சொல்லலன்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சதும் அவர் ஞாபகம்தான் வந்துச்சு. அதுக்காக நீங்களும் கேஸ் போடுங்கன்னு சொல்லமாட்டேன், எல்லாராலயும் முடியற காரியம் இல்ல அது.

இப்ப என் வீட்டு விஷயம், இதுவரைக்கும் எழுதினதில்ல. எங்க சித்தப்பா வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சதில்ல. வயித்துல நீர் கட்டி ஆஸ்பத்திரியில சேத்தப்ப அவரோட ஃபைல் மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டி, கட்டிலை வார்டோட மூலைக்குத் தள்ளிட்டாங்க. என்னன்னு கேட்டா கல்லீரல் கெட்டுப்போச்சுங்கறதுக்கு மேல யாரும் சொல்லல, எங்களுக்கும் அந்த ஸ்டிக்கருக்கு அர்த்தம் கேக்கத் தெரியல. கல்லீரல் புற்றுநோயில போய்ட்டார். துக்கம் கேக்க வந்தவங்க வாசல்லயே, திருட்டுத்தனமா குடிச்சிருப்பாரு, இல்லன்னா எப்படி வரும்னு பேசினாங்க, சித்தி காதுல விழற மாதிரி. ஆறு வருஷம் கழிச்சு அவர் பொண்ணு மாசமா இருந்தப்ப பண்ணின ரத்த டெஸ்ட்ல பி பாசிட்டிவ். அப்பத்தான் எல்லாரையும் டெஸ்ட் பண்ணினோம், சித்திக்கும் இருந்துச்சு, சித்தப்பா பையனுக்கும் இருந்துச்சு. அவனுக்கு கல்லீரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருந்தது, மாத்திரை ஆரம்பிச்சு இப்ப நல்லா இருக்கான். சித்தப்பா பொண்ணோட குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசியும், தயாரா இருக்கற எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் போட்டாங்க, குழந்தைக்கு நெகட்டிவ். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா நடுவுல போன அந்த ஆறு வருஷம் எனக்கு இன்னும் நெஞ்சுல முள்ளா இருக்கு. அன்னைக்கு ஸ்டிக்கர் ஒட்டின ஆளுக்குத் தெரிஞ்சது, வீட்டுல இருந்த எங்களுக்குத் தெரியல.

உங்க கடிதத்துல எனக்குத் திக்குனு இருந்தது சுய விளம்பரம்னு நீங்க எழுதின வரி இல்ல. அம்மா, அண்ணன், தங்கச்சி யாருக்கும் தெரியாதுன்னு போறபோக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, அது. பெரியவங்க ஆனப்பறம் பி தொத்தினா நூத்துக்கு அஞ்சு பேருக்கும் குறைவாத்தான் உடம்புல நிலைச்சு நிக்கும். பிறக்கறப்ப தொத்தினா பத்துக்கு ஒம்போது குழந்தைக்கு நிலைச்சிடும். உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்கு சொல்ல முடியாது, டாக்டராலயே உறுதியா சொல்ல முடியாது, ஆனா உங்களுக்கு சின்ன வயசுலேயே வந்திருந்தா அதே வீட்டுல வளந்த அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. உலகத்துல பி இருக்கற 25 கோடி சொச்சம் பேர்ல நூத்துக்கு 13 பேருக்குத்தான் தனக்கு இருக்கறதே தெரியும்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2022 கணக்கு. நீங்க அந்த 13ல ஒருத்தர். உங்க அண்ணன் மிச்ச 87லயா, இல்ல ஒண்ணுமே இல்லாதவங்க கூட்டத்துலயான்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது.

சொல்லாததுக்குக் காரணம் வெக்கமா பயமான்னு நீங்க எழுதல, எனக்கு அது அம்மாவா இருக்கும்னு தோணுது. எங்க சித்தியும் நான்தான் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேனான்னு ரெண்டு மாசம் யார்கிட்டயும் பேசாம இருந்தாங்க. அவங்க பிரசவ காலத்துல கர்ப்பிணிகளுக்கு இந்த டெஸ்ட் வழக்கத்துலயே இல்ல, குழந்தைக்குப் போட தடுப்பூசியும் எல்லாருக்கும் கிடைச்சதில்ல, தெரியாம நடந்ததுக்கு யார் என்ன பண்ண முடியும். அதை அவங்களுக்குச் சொன்னது டாக்டர் இல்ல, அவங்க பொண்ணுதான், மாசமா இருந்தவ, குழந்தைக்கு என்ன ஆகுமோன்னு பயந்துட்டு இருந்தவ அம்மா மடியில படுத்துக்கிட்டு சொன்னா. என்னைக் கேட்டா இந்த நோய்ல நான் பாத்த முதல் போராளி அவதான், அவளுக்கு அந்த வார்த்தையைச் சொன்னா சிரிப்பா.

அதனால போர்டு மாட்ட வேண்டாம் தம்பி, மேடையும் வேண்டாம், ஆபீஸ்ல சொல்ல வேண்டியதே இல்ல. மூணு பேருக்கு சொன்னா போதும். அண்ணன்கிட்ட ஆரம்பிங்க, எப்படி சொல்றதுன்னு திணறினா இப்படி சொல்லுங்க: ரத்த டெஸ்ட்ல எனக்கு ஹெபடைட்டிஸ் பின்னு வந்திருக்கு, நான் நல்லாத்தான் இருக்கேன், கூடப் பிறந்தவங்களும் ஒரு தடவை பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னார், சேந்து சாப்பிடறதாலயோ கட்டிப்பிடிக்கறதாலயோ இது ஒட்டாது. அவ்வளவுதான், இதுக்கு மேல அன்னைக்கே பேச வேண்டாம். டெஸ்ட்டுக்குப் போறப்ப எச்பிஎஸ் ஆன்டிஜென் மட்டும் பாத்துட்டு வரவேண்டாம், எச்பிஎஸ் ஆன்டிபாடி, எச்பி-கோர் ஆன்டிபாடி மூணும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க, இப்ப இருக்கா, முன்னாடி வந்து போச்சா, தடுப்பூசி போடணுமான்னு மூணு கேள்விக்கும் ஒரே ஊசியில பதில் வந்துடும். பாசிட்டிவா இல்லாம எதிர்ப்பு சக்தியும் இல்லாதவங்களுக்கு ஊசி போட்டுடுங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போறப்ப தங்கச்சியையும் கூட வெச்சுக்கோங்க. உங்க ஆறு மாச டெஸ்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீங்க, இப்ப மாத்திரை வேண்டாம்னு சொன்னது இப்பத்துக்குத்தான்.

ரிசல்ட் வந்ததும் ஒரு வரி எழுதுங்க. இதே மாதிரி பேர் இல்லாமலே.

அன்புடன்,
அக்கா